அப்புக்காத்தரின் பக்கம்

1

எட்டு நாளைக்கு முதல், ஒரு சனிக்கிழமை, எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கோரே ஒரு தள்ளுவண்டி நிறையப் பிளந்த விறகைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, இவரைக் கூப்பிடச் சொன்னார். இவர் என்று நான் சொல்வது என் கணவர் சிவநேசனை. நாங்கள் இருப்பது நோர்வேயின் மேற்குக் கரையில், மழை விடாத ஒரு சின்ன நகரத்தில். நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். இவர் கனகாலம் மீன் தொழிற்சாலையில் நின்று வேலை செய்தவர். முதுகு நோ வந்த பிறகு வீட்டோடு இருக்கிறார்.

விறகு வந்த காரணம் நான்தான். சில நாட்களுக்கு முதல் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கோரே, "உங்கள் கணவர் பகல் முழுக்க வீட்டில் என்ன செய்கிறார்?" என்று கேட்டார். அவர் வேதத்தைப் பற்றிப் படிக்கிறார் என்று சொல்ல வந்தேன். "வேதா" என்றுதான் வாயில் வந்தது. இந்த மொழியில் 'வேட்' என்றால் விறகு. அது எனக்குத் தெரியாததில்லை, அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. கோரேயின் முகம் மலர்ந்துவிட்டது. இங்கே விறகைப் பற்றிக் கதை தொடங்கினால் ஆண்கள் மழையைக்கூடக் கவனிக்க மாட்டார்கள்.

"எந்த நாட்டினது?" என்றார்.

"இந்தியாவினது."

"பழையதா?"

"மூவாயிரம் வருஷத்துக்கு மேலே."

கோரே கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்படியென்றால் நன்றாகக் காய்ந்திருக்கும்" என்றார், மிகுந்த மரியாதையோடு.

இவருக்கு விஷயம் விளங்கியதும் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிவிட்டது. ஆனாலும் கோரேயின் மனம் நோகக்கூடாது என்று, அவரோடு சேர்ந்து விறகைச் சுவரோரம் அடுக்கினார். எங்கள் வீட்டில் விறகடுப்பே இல்லை.

இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான் மறுநாள் மகள் வாணியைச் சாப்பிடக் கூப்பிட்டேன். வாணி பல்கலைக்கழகத்தில் சமயங்களின் வரலாறு படிக்கிறாள். மாணவர் விடுதியில் இருக்கிறாள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவாள். வந்தாலும் கைபேசியைப் பார்த்தபடியே சாப்பிட்டுவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸிலேயே போய்விடுவாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் நோர்வேஜிய மொழியில் பதில் சொல்லுவாள். அன்றைக்கு அப்படி நடக்கவில்லை. தகப்பனும் மகளும் சாப்பாட்டு மேசையில் பெரிய சண்டை பிடித்தார்கள். சண்டை எதைப் பற்றி என்றால், வேதம் எப்போது பாடப்பட்டது, பாடியவர்கள் எங்கிருந்து வந்தவர்கள், அதில் எந்தப் பகுதி பிறகு சேர்த்தது என்பதைப் பற்றி.

ஊரில் இதை வாசிப்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். எனக்கு ஆச்சரியம் வேறொன்றில். அந்தச் சண்டையில் இவர் பேசிய பேச்சு இவருடையது இல்லை. அது வெள்ளவத்தையில் இருந்த வேறு ஒருவருடைய பேச்சு. அவரைப் பற்றிச் சொல்லாமல் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல முடியாது.

2

யாழ்ப்பாணத்தில் இருக்க ஏலாமல் போய், நாங்கள் கொழும்புக்கு வந்தபோது வாணி கைக்குழந்தை. வெள்ளவத்தையில் காலி வீதியில் இருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒரு சின்ன ஒழுங்கையில், மாடியில் இரண்டு அறை கிடைத்தது. ரயில் போனால் கண்ணாடி அலுமாரி நடுங்கும். எனக்குக் கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை. இவர் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்து நாகரிகம் படிப்பிக்கிற மாஸ்டர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் டியூட்டரிகளில் வகுப்பு எடுத்தார்.

வந்த முதல் கிழமையே வீட்டில் இருப்பவர்களின் பெயரைப் பொலிஸில் பதிய வேண்டும் என்றார்கள். படிவம் சிங்களத்தில் இருந்தது. 'கொழும்புக்கு வந்த நோக்கம்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நாங்கள் வாசலில் நிற்க, கீழ்வீட்டில் இருந்து வேட்டியோடு ஒரு பெரியவர் வந்து படிவத்தை வாங்கிப் பார்த்தார்.

"உயிரோட இருக்கிறதுக்கு எண்டு எழுத ஏலாது" என்றார். "தொழில் எண்டு போடுங்கோ."

அவர்தான் அப்புக்காத்தர். அப்புக்காத்து என்றால் வழக்கறிஞர், புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்குப் பேசுகிறவர். அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது, ஆனால் ஒழுங்கையில் எல்லாரும் அப்புக்காத்தர் என்றே சொல்வார்கள். மனைவி காலமாகிவிட்டா. மகன் அவுஸ்திரேலியாவில். காலையில் நெற்றி நிறையத் திருநீறு, பத்து மணிக்குக் கறுப்புக் கோட்டு. நாங்கள் அவரை அண்ணை என்றோம். அவர் என்னைத் தங்கச்சி என்பார், இவரை மாஸ்டர் என்பார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அவர் உழுந்து வடை வாங்கிக்கொண்டு மேலே வருவார். நான் தேத்தண்ணீர் வைப்பேன். வாய் கோப்பையில் படும் முன்னரே இருவருக்கும் தொடங்கிவிடும்.

இவர் படித்துக் கற்பித்தது இதுதான்: வேதத்தின் மொழி ஐரோப்பிய மொழிகளுக்கு உறவு, அந்த மொழியைப் பேசியவர்கள் வடமேற்கு மலைக் கணவாய்களால் மெல்ல மெல்ல உள்ளே வந்தவர்கள், அது நடந்து ஏறத்தாழ மூவாயிரத்து ஐந்நூறு வருஷம் இருக்கும். வகுப்புக்கென்று பிறிஸ்டல் மட்டையில் ஒரு படம் கீறி வைத்திருந்தார். இந்தியாவின் உருவம், மேலே இடது பக்கத்தில் இருந்து சிவப்பு மையில் உள்ளே வரும் அம்புக்குறிகள். அப்புக்காத்தருக்கு அந்தப் படத்தைக் கண்டாலே ஆகாது.

"ஒப்ஜெக்‌ஷன்" என்பார், வடையைக் கையில் வைத்துக்கொண்டு. "வந்தவன் பாடினது எண்டா, தான் வந்த கதையை ஏன் ஒரு பாட்டிலயும் அவன் சொல்லேல்லை? ஊரை விட்டு வந்த நீர் எத்தினை தரம் ஊர்க் கதை சொல்லுறீர்?"

"கனகாலத்துக்குப் பிறகு பாடினது அண்ணை. மறந்திருப்பினம். ஆனா சொல்லு மறக்காது. அப்பா, அம்மா, ரெண்டு, மூண்டு, இதுகளுக்கு அங்கயும் இஞ்சயும் ஒரே சாயல்."

"சொல்லுப் போக ஆள் போக வேணுமோ? அலுமாரி எண்டுறம், மேசை எண்டுறம். போர்த்துக்கேயன் உங்கட குசினிக்குள்ள இருக்கிறானோ? தங்கச்சி, போய்ப் பாரும் ஒருக்கா."

நான் சமையலறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இல்லை அண்ணை, பால்மா டின் மட்டும்தான் இருக்குது" என்பேன். மூவரும் சிரிப்போம்.

இது ஏதோ இரண்டு பேரின் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். உலகம் முழுக்கப் படித்தவர்கள் இதற்காக முகம் பார்க்காமல் இருக்கிறார்கள் என்று இவர் சொல்வார். எங்கள் மாடியில் அப்படி இல்லை. சண்டை முடிந்தால் அப்புக்காத்தர் வாணியைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு கடலைக் காட்டப் போவார். நான் அந்த இருவரின் வாதத்தையும் கேட்டுக்கேட்டே நிறைய அறிந்துகொண்டேன். யார் சரி என்று என்னைக் கேட்டால், அந்தந்த நேரத்தில் பேசிக்கொண்டிருப்பவர் சரி என்று எனக்குத் தோன்றும்.

3

பிணக்கு வந்தது ஒரு மண்டபத்தில். கோயிலோடு சேர்ந்த மண்டபம். நவராத்திரிக் காலத்தில் இவரைப் பேசக் கேட்டார்கள், அப்புக்காத்தரைத் தலைமை தாங்கக் கேட்டார்கள். நல்ல சனம். பாதிப் பேர் எங்களைப்போல அங்கிருந்து இங்கே வந்து அறைகளில் ஒண்டியிருப்பவர்கள்.

இவர் அம்புக்குறிப் படத்தைக் கொண்டுபோகவில்லை. அதற்குப் பதிலாக, வேதத்தில் மனிதர்களை நான்கு வருணமாகப் பிரித்துச் சொல்லும் பாட்டைப் பற்றிப் பேசினார். அதன் மொழி மற்றப் பாட்டுகளின் மொழியை விடப் புதியது, அது கடைசியில் சேர்ந்த பகுதியில் இருக்கிறது, ஆகவே சாதி எங்கள் சமயத்தின் அடியில் இருந்தது இல்லை, பிறகு வந்து ஒட்டியது என்பது இவருடைய பேச்சின் சாரம். இவருக்கு அது நல்ல செய்தி. சந்தோஷமாகவே சொன்னார். பின்வரிசையில் ஒருவர் கை தட்டவும் செய்தார்.

தலைமை தாங்கியவர் எழும்பினார். நன்றி சொல்லப் போகிறார் என்று எல்லாரும் நினைத்தோம்.

"மாஸ்டர்" என்றார். "ஊரில என்ர வீட்டுக்குக் கூரை இல்லை இப்ப. நான் படிச்ச புத்தகங்கள் இருந்த கட்டடம் எரிஞ்சு போச்சு. பிள்ளை வேற நாட்டில. என்னட்ட மிச்சம் இருக்கிறது இது ஒண்டுதான். இதிலயும் இது பழசு, இது புதுசு, இதை வெட்டு, இதை வைச்சுக்கொள் எண்டு நீரே நிண்டு பிரிச்சுக் குடுக்கிறீரோ?"

"நான் வெட்டச் சொல்லேல்லை அண்ணை. இருக்கிறதை..."

"ஓம். அவங்களும் உப்பிடித்தான் சொல்லுவாங்கள்" என்றார். யார் அந்த 'அவங்கள்' என்று அவர் சொல்லவில்லை. மேடையில் இருந்து இறங்கி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இவர் அன்றிரவு சாப்பிடவில்லை. "நான் பிழையாச் சொன்னனானோ?" என்று என்னைக் கேட்டார். பிழையில்லை என்றேன். அப்புக்காத்தர் சொன்னதும் எனக்குப் பிழையாகத் தெரியவில்லை என்பதைச் சொல்லவில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வரவில்லை. நவராத்திரி போய், திருவெம்பாவை போய், தைப்பொங்கலும் வந்தது. நான் பொங்கிய புக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "பிள்ளைக்குச் சுகமோ?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். மாஸ்டரைப் பற்றி ஒரு சொல் இல்லை. காலி வீதியில் இவரைக் கண்டால் சந்தைப் பக்கமாகக் கடந்து போய்விடுவார். ஒரே வீட்டில் மேலும் கீழும் இருந்துகொண்டு இரண்டு பேர் இப்படி இருப்பதைப் பார்க்க எனக்கு அழுகை வரும், சில நேரம் சிரிப்பும் வரும். இவர் ஞாயிறு பின்னேரங்களில் தன் வாதத்துக்குத் தானே மறுப்புச் சொல்லிக்கொண்டு கடற்கரையில் நடப்பார்.

4

தையும் மாசியும் கழிந்து, நகரத்தில் ஒரு குண்டு வெடித்தது. அதற்கு அடுத்த நாள் எங்கும் சோதனை. இவர் கொட்டாஞ்சேனையில் வகுப்பை முடித்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது வழியில் இறக்கினார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். அது பழகிப்போன விஷயம்தான், பதிவுத் துண்டைக் காட்டினால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அன்றைக்கு இவருடைய கையில் சுருட்டிய பிறிஸ்டல் மட்டை இருந்தது.

டியூட்டரிக்காரர் கீழே கடைக்கு ஃபோன் எடுத்துச் சொன்னார். நான் வேலையால் வந்து, சாறிகூட மாற்றவில்லை. வாணியை வீட்டுக்காரம்மாவிடம் விட்டுவிட்டு ஓடிப்போய் அப்புக்காத்தரின் கதவைத் தட்டினேன். கதவு திறக்கும் வரைக்கும், இந்த மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது என்பதே யோசனை. இப்படியொரு விஷயத்துக்குப் போய் நிற்க எனக்குக் கொழும்பில் வேறு ஒருவரையும் தெரியாது.

"அண்ணை, இவரைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்."

"எங்க?"

பொலிஸ் நிலையத்தைச் சொன்னேன்.

"கையில என்ன இருந்தது?"

"படம், அண்ணை."

"எந்தப் படம்?"

"அம்புக்குறி போட்டது."

அவர் கண்ணை மூடினார். "அந்தப் பிழையான படமோ" என்றார். பிறகு உள்ளே போனார். வேட்டியைக் கழற்றி நீளக் காற்சட்டையும் கறுப்புக் கோட்டும் போட்டுக்கொண்டு வந்தார். திருநீற்றைத் துடைத்துவிட்டிருந்தார். அவர் நெற்றியை வெறுமையாக நான் அதுவரை கண்டதில்லை.

ஆட்டோவில் போனோம். ஒரே ஒருமுறை மட்டும், "மையை ஏன் சிவப்பில எடுத்தவர்? நீலம் இருக்கேல்லையோ?" என்று கேட்டார்.

5

இன்ஸ்பெக்டரின் மேசையில் படம் விரித்திருந்தது, நாலு மூலையிலும் பாரம் வைத்து. இவர் சுவரோரம் போட்டிருந்த நீள வாங்கில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்திருந்தது. என்னைக் கண்டதும் தலையை அசைத்தார். பயப்படாதே என்று அர்த்தம், ஆனால் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

பேச்சு முழுக்கச் சிங்களத்தில்தான் நடந்தது. அப்புக்காத்தரின் சிங்களம் புதுக்கடையில் பழுத்த சிங்களம்.

"இது என்ன, மாத்தயா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். "எந்த வழியால் யார் வருகிறார்கள்?"

"ஆரியர் வருகிறார்கள், சேர். இது பள்ளிக்கூடப் படம்."

"எப்போது வருகிறார்கள்?"

"மூவாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முதல். இவருடைய கணக்குப்படி."

"உங்கள் கணக்குப்படி?"

அப்புக்காத்தர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எவரும் சொல்லியிருப்பார்கள். அவர் தொண்டையைச் செருமினார். "என் கணக்குப்படி ஒருவரும் வரவில்லை, சேர். அவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள்."

இன்ஸ்பெக்டர் கதிரையில் சாய்ந்தார். "இவருக்காகப் பேச வந்துவிட்டு இவருடைய படம் பிழை என்கிறீர்களா?"

"படம் பிழை, சேர். ஆள் சரி."

இன்ஸ்பெக்டர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலைக் கீழே இறக்கி, இந்தியாவுக்கு அடியில் இவர் ஒரு சின்ன மாம்பிஞ்சுபோலக் கீறியிருந்த இலங்கையில் வைத்தார். "எங்கள் ஆட்களும் வட இந்தியாவில் இருந்து வந்தவர்கள்தானே. ஏன் இங்கே ஒரு அம்புக்குறியும் வரவில்லை?"

சிங்களவரை ஏன் படத்தில் விட்டார் என்பதே கேள்வி, எந்தப் பதிலும் பிழையாகிவிடும். வாங்கில் இருந்து இவர் வாயைத் திறந்தார். எனக்கு இவரைத் தெரியும். கேள்வி என்று ஒன்று வந்தால், கேட்பவர் யார் என்று பார்க்காமல் விளக்கம் சொல்லத் தொடங்குவார். அப்புக்காத்தர் திரும்பாமலே, தமிழில், "மாஸ்டர், வாயை மூடும்" என்றார். மாதக்கணக்காகப் பேசாதிருந்து அவர் இவரிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

பிறகு இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார். "அது பிந்திய காலத்துக் கதை, சேர். அதற்கு வேறு மட்டை வேண்டும். ஒரு மட்டையில் எல்லாரையும் கொண்டுவர இவரால் முடியாது. பாவம், மாஸ்டர்மாருக்குச் சம்பளம் குறைவு."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் நின்ற சார்ஜன்ட் சிரிப்பை விழுங்குவதை நான் கண்டேன். இன்ஸ்பெக்டர் மூலைகளில் இருந்த பாரங்களை எடுத்துப் படத்தைச் சுருட்டினார். கடைசியில், படம் ஆபத்தில்லாதது என்று பொறுப்பான ஒருவர் எழுதிக் கையெழுத்து வைத்தால், காலையில் தன் மேலதிகாரியிடம் காட்டிவிட்டு ஆளை விடலாம் என்றார். "படத்தில் இருப்பது உண்மையான சரித்திரம் என்று எழுத வேண்டும். பிழையான படம் என்று எழுதினால், பிழையான படத்தை ஏன் வைத்திருந்தார் என்று மேலே கேட்பார்கள்."

அப்புக்காத்தர் பேனையைத் திறந்தார். எழுதாமல் பேனையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு குனிந்து எழுதினார்.

என்னை வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்க்கச் சொன்னார். தான் போகமாட்டேன் என்று இவருக்குப் பக்கத்தில், அதே வாங்கில், கோட்டோடு இருந்துவிட்டார். அங்கே பிடித்துவைத்த ஆட்கள் இரவில் இடம் மாறிக் காணாமல் போவது உண்டு. அதனால்தான் அவர் எழும்பவில்லை.

விடிந்து, வாணிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். ஒழுங்கையில் சத்தம் கேட்டது. ஆட்கள் கண்ணில் படும் முன்னர் குரல்கள்தான் வந்தன. இருவரும் சண்டை பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

"என்ர கையெழுத்தாலயே என்னை ஒப்புக்கொள்ள வைச்சிட்டீரே ஐசே! அம்புக்குறி உண்மை எண்டு, உலகத்து அறிஞர்கள் ஏற்றுக்கொண்டது எண்டு, நான் எழுதிக் குடுத்திருக்கிறன்! சிங்களத்தில!"

"அண்ணை, பொலிஸ் நிலையத்தில நெருக்கி வாங்கின வாக்குமூலம் செல்லுபடியாகாது எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்."

அப்புக்காத்தர் நடு ஒழுங்கையில் நின்றுவிட்டார். பிறகு இவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், இவரும் சிரித்தார், கொஞ்ச நேரத்தில் இருவரும் அழுதார்கள். பால் பொங்கி அடுப்பில் ஊற்றியது எனக்குத் தெரியவில்லை.

6

படம் திரும்பி வரவில்லை. பெயர் அங்கே ஒரு கோப்பில் ஏறிவிட்டது என்றும், இனி எந்தக் குண்டு வெடித்தாலும் முதலில் மாஸ்டரைத் தேடி வருவார்கள் என்றும் அப்புக்காத்தரே சொன்னார். எங்களைப் போகச் சொல்லி நெருக்கியதும் அவர்தான். விமான நிலையத்துக்கு அவர் வரவில்லை. வத்தளைப் பாலம் வரைக்கும் எங்களோடு வான் வண்டியில் வந்தார், பிறகு "எனக்கு வழக்கு இருக்கு" என்று இறங்கிவிட்டார். அன்றைக்குப் போயா நாள், பௌர்ணமி விடுமுறை. நீதிமன்றம் இல்லை.

நோர்வேயில் முதல் விசாரணையில், ஏன் கைது செய்தார்கள் என்று குடிவரவு அதிகாரி கேட்டார். இவர் படத்தை விளக்கினார். மொழிபெயர்த்த பெடியனுக்கு ஆரியரும் வேதமும் நடுவில் கை நழுவிவிட்டன. அதிகாரி குறிப்பில் 'மூவாயிரத்து ஐந்நூறு வருடங்களாகத் தொடரும் காணித் தகராறு' என்று எழுதியிருந்ததைப் பிறகு வாசித்துப் பார்த்தோம். திருத்தக் கேட்டு மூன்று தரம் எழுதினோம். கடைசியில் இவர், "அதுவும் ஒரு விதத்தில சரிதானே, விடும்" என்றார்.

தொழிற்சாலையில் மீன் வெட்டிக்கொண்டு இவர் படிப்பை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் அட்டை வாங்கி வெள்ளவத்தைக்கு எடுப்பார். சுகம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. "அண்ணை, புதுசா ஒண்டு வாசிச்சனான்" என்று தொடங்குவார். அந்தப் பக்கம் "ஒப்ஜெக்‌ஷன்" என்பது எனக்கு இந்தப் பக்கம் கேட்கும். இங்கே நூலகத்தில் புது ஆராய்ச்சிகள் கிடைக்க, இவருடைய பக்கம் பலமாகிக்கொண்டே வந்தது. அப்புக்காத்தரும் விடவில்லை. வற்றிப்போன ஒரு நதியைப் பிடித்துக்கொண்டார்: வேதப் பாட்டில் அது பெருக்கெடுத்து ஓடுகிறது, அப்படியென்றால் அது வற்றும் முன்னர் பாடிய பாட்டுத்தானே என்று.

ஒரு ஞாயிறு ஃபோனை வீட்டுக்காரம்மா எடுத்தா. வெள்ளிக்கிழமை கோயிலால் வந்து, சாய்மனைக் கதிரையில் இருந்தவர் அப்படியே போய்விட்டார் என்று சொன்னா. இவர் அட்டையில் மிச்சம் இருந்த நேரம் முழுக்கக் காதில் ஃபோனை வைத்துக்கொண்டே நின்றார். அந்தப் பக்கம் வீட்டுக்காரம்மா எப்போதோ வைத்துவிட்டிருந்தா.

7

இனி, போன ஞாயிற்றுக்கிழமை.

விறகுக் கதைக்கு வாணி நன்றாகத்தான் சிரித்தாள். பிறகு, தான் எழுதும் ஆய்வுக் கட்டுரை அதே வேதத்தைப் பற்றித்தான் என்றாள். அவளுடைய பேராசிரியை நோர்வேஜியப் பெண், சமஸ்கிருதம் எங்கள் குருக்களை விடச் சுத்தமாகச் சொல்லுவா. நான்கு வருணம் சொல்லும் பாட்டுப் பிறகு சேர்ந்தது என்று காட்டப் போவதாகவும் வாணி சொன்னாள். இவர் எழும்பி நின்று அவளைக் கட்டிப்பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஒப்ஜெக்‌ஷன்" என்றார் இவர்.

வாணி கைபேசியை மேசையில் வைத்தாள்.

"மொழி வேற எண்டா ஆள் வேறயோ? நான் உன்னோட கதைக்கிற தமிழும் நான் எழுதுற தமிழும் ஒண்டோ? ரெண்டும் ஒரே ஆள்தானே."

"அப்பா, அது ஒரு சொல்லு ரெண்டு சொல்லில்லை. இலக்கணமே வேற."

"வந்தவை எண்டுறாய். வந்த கதையை ஏன் சொல்லேல்லை? சொல்லுப் போக ஆள் போக வேணுமோ? அலுமாரி எண்டுறம்..."

நான் கறிச்சட்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். இது அப்புக்காத்தரின் பேச்சு. வாணிக்கு அது தெரியாது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "வெளிநாட்டுக்கு வந்த எல்லா அப்பாமாரும் கடைசியில இப்பிடிப் பழசைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற ஆக்களாத்தான் ஆகினமோ?" என்று தமிழிலேயே கேட்டாள். அவள் ஒரே மூச்சில் இவ்வளவு தமிழ் பேசிக் கனகாலம். அவள் எழும்பிப் போய்க் கதவை அடித்துச் சாத்திய சத்தத்தில் சுவரில் இருந்த படம் சரிந்தது.

நான் பாத்திரம் கழுவும்போது இவர் துடைத்துக்கொண்டு நின்றார்.

"நீங்கள் சொன்னதை நீங்கள் நம்புறீங்களோ?" என்றேன்.

"இல்லை."

"பின்னை ஏன் பிள்ளையை அழவைச்சனீங்கள்?"

கோப்பையைத் துடைத்து முடித்து, இன்னும் ஒருமுறை துடைத்தார். "அண்ணை இல்லையே இப்ப" என்றார். "அவளுக்கு அங்க எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவினம். பேராசிரியை ஓம், கூடப் படிக்கிறதுகள் ஓம். அண்ணையின்ர பக்கத்தைப் பிள்ளை ஆரிட்டக் கேக்கிறது? ஓம் எண்டு சொல்லுற ஆக்களோட இருந்து நான் ஒண்டும் படிக்கேல்லை."

அடுத்த நாள் வேலை இடைவேளையில் வாணிக்கு ஃபோன் எடுத்து, மேலே எழுதிய எல்லாவற்றையும் சொன்னேன்: ஒழுங்கை, மண்டபம், படம், பொலிஸ் நிலையம், வாங்கு. தன்னைத் தோளில் வைத்துக் கடல் காட்டிய மனிதரை அவளுக்கு நினைவில்லை. "ஏன் இதை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டாள். நீ கேட்கவில்லையே என்று வாய் வரைக்கும் வந்தது. நாங்களும் சொல்லத் தொடங்கவில்லை என்பதே உண்மை.

நேற்று, சனிக்கிழமை, கூப்பிடாமலே வந்தாள். பை நிறையப் புத்தகம். சப்பாத்தைக் கழற்றியவுடன் நேரே இவர் இருந்த இடத்துக்குப் போய், கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். நதிக்கு ஒரு பதில், அலுமாரிக்கு ஒரு பதில், இரண்டு விதத் தமிழுக்கு ஒரு பதில் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். தமிழ் தடக்கிய இடத்தில் நோர்வேஜிய மொழி, அது தடக்கிய இடத்தில் சமஸ்கிருதம். இவர் ஒவ்வொன்றுக்கும் மறுத்தார். நான் மூன்று தரம் தேத்தண்ணீர் வைத்தேன். கடைசி பஸ்ஸும் போய்விட்டது, அவள் அதைக் கவனிக்கவில்லை.

ஒரு கட்டத்தில் பேனையை மூடிவிட்டு, இவருடைய முகத்தைக் கிட்டப் பார்த்தாள்.

"அப்பா, உண்மையைச் சொல்லுங்கோ. உள்ளுக்க நீங்கள் என்ர பக்கம்தானே?"

"ஓம்" என்றார் இவர். "ஆனா அதை இப்ப சொல்ல ஏலாது. நீ இன்னும் வெல்லேல்லை."